நோயெதிர்ப்புக் குறைபாடு என்று ஐயம் எழுந்தால்: குடும்பத்தினருக்கான வழிகாட்டி

பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய குழந்தைக்கு ஓராண்டில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பானதே. வீட்டில் அண்ணனோ அக்காவோ இருந்தால் இந்த எண்ணிக்கை இன்னும் கூடலாம். ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்தில் தேறிவிடுகிறது, இடைப்பட்ட நாள்களில் நன்றாக விளையாடுகிறது, எடையும் உயரமும் ஏறுகின்றன என்றால், அந்தக் குழந்தையின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். குறைபாட்டை ஐயப்படுவதற்குக் காய்ச்சல்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் தன்மையே முக்கியம்: தொற்று எந்த உறுப்பில் வந்தது, எந்தக் கிருமியால் வந்தது, எவ்வளவு ஆழமாகப் போனது, எந்த மருந்துக்குப் பிறகு தீர்ந்தது. இவற்றுக்கான விடைகள் புதிதாகப் பார்க்கும் மருத்துவரிடம் இருப்பதில்லை. பல மருத்துவமனைகளுக்கு அலைந்த குடும்பத்திடம், மருந்துச் சீட்டுகளாகவும் ஸ்கேன் உறைகளாகவும் அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்ப்பதே முதல் வேலை.

பதிவேட்டைத் தொடங்குதல்

ஒரு நீள நோட்டில் தேதி, அன்றைய வயது, எடை, நோய், மருத்துவமனையில் இருந்த நாள்கள், கொடுத்த ஆன்டிபயாடிக்கின் பெயர், அது எத்தனை நாள் கொடுக்கப்பட்டது என்பவற்றை நிரல்களாக எழுதுங்கள். சீழ், இரத்தம், சிறுநீர் ஆகியவற்றில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்திருந்தால் அந்த அறிக்கையின் நகலைக் கட்டாயம் வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்க அறிக்கையில் பல நேரம் 'வளர்ச்சி உண்டு' என்பதோடு நிறுத்திவிடுவார்கள், எது வளர்ந்தது என்று இருக்காது. ஆனால் கிருமியின் பெயர் ஒன்றே பாதி நோயறிதலைச் சொல்லிவிடக்கூடியது. செராஷியா, பர்கோல்டேரியா, அஸ்பர்ஜில்லஸ் என்ற பெயர்கள் வந்தால், வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கியும் கொல்ல முடியாத நாட்பட்ட கிரானுலோமா நோயை மருத்துவர் நினைப்பார். நியூமோசிஸ்டிஸ் நிமோனியா என்றால், கைக்குழந்தைக்கு, எதிர்ப்பாற்றலின் முக்கியப் பிரிவுகள் பலவும் சேர்ந்து செயல்படாத கடுமையான ஒருங்கிணைந்த நோயெதிர்ப்புக் குறைபாடா, எச்.ஐ.வி.யா என்ற இரண்டையும் உடனே பார்ப்பார். மெனிஞ்சோகாக்கஸ் கிருமியால் மூளைக்காய்ச்சல் இரண்டாம் முறை வந்தால் இரத்தத்தில் இருந்துகொண்டு கிருமியைக் கொல்ல உதவும் காம்ப்ளிமென்ட் என்னும் புரதங்களின் குறைபாட்டைத் தேடுவார்.

ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முறை காதுத் தொற்று, இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் போதிய பலன் இல்லாமை, கல்லீரல் போன்ற உள்ளுறுப்பிலோ தோலின் ஆழத்திலோ திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி, ஒரு வயதைக் கடந்த பின்னும் வாயில் நீங்காத வெண்படலம், எடை ஏறாமை ஆகியவை உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் எச்சரிக்கைக் குறிகள். ஆயினும் இரண்டு மாதக் குழந்தை கடுமையான நிமோனியாவில் கிடக்கும்போது, இரண்டாவது நிமோனியா வரட்டும் என்று காத்திருப்பது தவறு. இந்தப் பட்டியல் வளர்ந்த குழந்தைக்குப் பொருந்தும் அளவுக்குக் கைக்குழந்தைக்குப் பொருந்தாது.

தாயோ பாட்டியோ மட்டும் கவனித்திருக்கக்கூடிய சில குறிகளும் உண்டு. பிறந்து மூன்று நான்கு வாரமாகியும் தொப்புள் கொடி விழாமல் இருந்தது, புண் வந்தும் அதில் சீழ் கட்டவே இல்லை என்பன வெள்ளணுக்கள் இரத்தக் குழாயைவிட்டு வெளியேற முடியாத குறைபாட்டைக் காட்டலாம். கறுத்த முடியுள்ள குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு மட்டும் வெள்ளி மினுக்குடன் சாம்பல் நிற முடி இருந்தால், அதை அழகு என்று விட்டுவிடாமல் கிரிசெல்லி, செடியாக்-ஹிகாஷி என்ற பரம்பரை நோயெதிர்ப்புக் குறைபாடுகளை மனத்தில் வைத்து அந்த முடியை நுண்நோக்கியில் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆண் குழந்தைக்குக் கரப்பான், இரத்தக் கசிவு, காதில் சீழ் மூன்றும் சேர்ந்திருந்தால் விஸ்காட்-ஆல்ட்ரிச் என்னும் பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம்.

வயதும் வம்சமும் சொல்வது

கருவில் இருக்கும்போதே தாயின் ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சென்றுவிடுகிறது. அது படிப்படியாகக் குறைந்து ஆறு மாத அளவில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எனவே எதிர்ப்புப் புரதத்தைத் தானே உண்டாக்க இயலாத குழந்தை, முதல் ஆறு மாதம் நலமாக இருந்துவிட்டுப் பிறகு காது, சைனஸ், நுரையீரல் என அடுத்தடுத்துத் தொற்றுக்கு ஆளாகும். 1952-இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் இரத்தத்தில் இந்தப் புரதமே இல்லை என்று கண்டு எழுதியதுதான் இத்துறையின் தொடக்கங்களில் ஒன்று. அந்த நோய் உள்ளவர்களுக்குத் தொண்டையில் டான்சில் மிகச் சிறிதாகவோ இல்லாமலோ இருக்கும். டார்ச் விளக்கில் பார்த்தாலே தெரியக்கூடிய குறி அது. எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான டி-செல்களின் குறைபாடுகளோ ஆறு மாதம் பொறுப்பதில்லை, பிறந்த முதல் சில மாதங்களிலேயே வெளிப்படுகின்றன. மறுபுறம், 'பரவலாகக் காணப்படும் மாறுபட்ட நோயெதிர்ப்புக் குறைபாடு' (சி.வி.ஐ.டி.) என்ற எதிர்ப்புப் புரதக் குறைபாடு இருபது முப்பது வயதில்கூடத் தலைகாட்டும். பரம்பரைக் குறைபாடு என்றாலே குழந்தை நோய் என்று பெரியவர்களும் அவர்களுடைய மருத்துவர்களும் எண்ணிவிடுவதால், நுரையீரல் நிலையாகச் சேதமடைந்த பிறகே அது பலருக்குக் கண்டறியப்படுகிறது.

இதுவரை 500-க்கும் மேற்பட்ட பரம்பரைக் குறைபாடுகள் கண்டறியப்பட்டுள்ளன. இவற்றுள் பல, மரபணுவின் பழுதான நகல் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே தோன்றுவன. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் எனச் சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. வேறு சில எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவன. தாய் நலமாக இருப்பார், ஆண் குழந்தைகளே பாதிக்கப்படுவர். ஆகையால் வம்ச வரலாற்றைக் கேட்கும்போது தந்தை வழியோடு நிறுத்தாமல், தாயின் உடன்பிறந்த ஆண் குழந்தைகள், தாயின் சகோதரிகளுக்குப் பிறந்த ஆண் குழந்தைகள் யாரேனும் ஒரு வயதுக்குள் இறந்தார்களா என்று அம்மாச்சியிடம் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். 'மாந்தம் வந்து போயிடுச்சு' என்றோ 'தோஷம்' என்றோ பதில் வரக்கூடும். அதை மறுத்துப் பேச வேண்டியதில்லை. எத்தனை மாதத்தில் இறந்தது, ஆணா பெண்ணா, கடைசியில் மூச்சிரைப்பா வயிற்றுப்போக்கா என்பதை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும்.

சாதாரண இரத்தப் பரிசோதனையை முழுதாக வாசித்தல்

மலிவான, எந்தச் சிற்றூரிலும் கிடைக்கிற, ஆனால் பெரும்பாலும் முழுதாக வாசிக்கப்படாத சோதனை, இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை. அதில் மொத்த வெள்ளணுக்கள் எத்தனை, அவற்றுள் லிம்போசைட் (டி-செல் முதலியவை அடங்கிய வெள்ளணு வகை) எத்தனை விழுக்காடு என்ற இரண்டு எண்களைப் பெருக்கி நூறால் வகுத்தால் லிம்போசைட்டுகளின் முழு எண்ணிக்கை கிடைக்கும். நான்கு மாதக் குழந்தை ஒன்றுக்கு மொத்தம் 9,000, லிம்போசைட் 20 விழுக்காடு என்று அறிக்கை வந்ததாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1,800. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'இயல்பான அளவு' பெரும்பாலும் பெரியவர்களுக்கான 20 முதல் 40 விழுக்காடு என்பதால், அறிக்கையில் தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ எதுவும் இருக்காது. ஆனால் கைக்குழந்தைக்கு வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் லிம்போசைட்டாகவே இருக்க வேண்டும். முழு எண்ணிக்கை 3,000-க்குக் கீழ் இருந்தால் கடுமையான ஒருங்கிணைந்த குறைபாடாக இருக்கலாம் என்பதால் மீண்டும் எடுத்துப் பார்த்து, அப்படியே இருந்தால் அன்றே குழந்தை நோயெதிர்ப்பியல் பிரிவு உள்ள மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். எண்ணிக்கை இயல்பாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று ஆகிவிடாது, தாயின் லிம்போசைட்டுகள் குழந்தையின் உடலில் புகுந்து எண்ணிக்கையைக் கூட்டிக்காட்டுவதும் உண்டு.

அதே தாளில், கிருமியை விழுங்கிக் கொல்லும் வெள்ளணுக்களான நியூட்ரோபில்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். 500-க்குக் கீழ் என்றால் அது கடுமையான குறைவு. ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வந்து தானே ஆறுகின்றன என்றால், ஒரே ஒரு நாள் எடுத்த சோதனையில் எதுவும் தெரியாமல் போகலாம். வாரம் இருமுறை வீதம் ஆறு வாரம் எடுத்தால்தான் அந்தச் சுழற்சி புலப்படும்.

அடுத்த சோதனைகளும் அவற்றின் வரிசையும்

ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம்., ஐ.ஜி.இ. அளவுகள், எச்.ஐ.வி. சோதனை, டி, பி, என்.கே. செல்களை எண்ணும் ப்ளோ சைட்டோமெட்ரி, நாட்பட்ட கிரானுலோமா நோய்க்கான டி.எச்.ஆர். சோதனை, கடைசியில் மரபணுச் சோதனை என்பது பொதுவான வரிசை. நேரடியாக மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டச் சொன்னால், அதற்கு முந்திய சோதனைகள் முடிந்தனவா என்று கேளுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எடுக்கும் மரபணு அறிக்கை பலமுறை குழப்பத்தையே தரும்.

இந்த வரிசையில் ஒரு விதியை எந்த அவசரத்திலும் விட்டுவிடக் கூடாது. கொடையாளர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பில் ஏற்றுவதற்கு முன் இரத்த மாதிரியை எடுத்து வைத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு அளந்தால் கொடையாளர்களின் ஐ.ஜி.ஜி.தான் தெரியும், குழந்தையின் சொந்த அளவு பல வாரங்களுக்குத் தெரியாது. கொடையாளர்களிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்களால் மஞ்சள் காமாலை போன்ற நோய்களுக்கான சோதனைகளும் பொய்யாகக் காட்டலாம். இரத்தம் ஏற்றுவதும் அப்படித்தான். டி-செல் குறைபாடு இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், கதிர்வீச்சு செய்யப்பட்ட, வெள்ளணுக்கள் வடிகட்டப்பட்ட இரத்தமே தேவை. உறவினர் கொடுத்தது என்பதற்காகச் சாதாரண இரத்தத்தை ஏற்றினால், அதிலுள்ள லிம்போசைட்டுகள் குழந்தையின் உடலையே தாக்கும் உயிராபத்து உண்டு, நெருங்கிய உறவினரின் இரத்தத்தில் அது இன்னும் அதிகம்.

எச்.ஐ.வி. சோதனையில் மற்றொரு நுணுக்கம்: தாயின் எதிர்ப்புப் புரதம் சிறிதளவு 18 மாதம் வரைகூட குழந்தையின் இரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதால், அந்த வயதுக்குள் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனையே நம்பத்தக்கது.

பரம்பரைக் குறைபாட்டுக்கான சிகிச்சை

எதிர்ப்புப் புரதம் இல்லாதவர்களுக்கு அதை வெளியிலிருந்து கொடுப்பதுதான் சிகிச்சை. உடல் எடையில் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவார்கள்; 20 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு ஒரு தடவைக்குக் குறைந்தது 8 கிராம். ஐ.ஜி.ஜி. உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 21 நாள் ஆவதால்தான் இந்த இடைவெளி. பணம் இல்லை, பேருந்து இல்லை, தேர்வு இருக்கிறது என்று ஒரு முறையைத் தள்ளிப்போட்டால் அடுத்த சில வாரங்களில் நிமோனியா வந்து நிற்பதுண்டு. ஏற்றும் நாளில் குழந்தை போதிய நீர் குடித்திருக்க வேண்டும், முதல் அரைமணி நேரம் மெதுவாக விட வேண்டும், தலைவலியோ நடுக்கமோ வந்தால் உடனே செவிலியரிடம் சொல்லி வேகத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். குப்பியின் மேலுள்ள நிறுவனப் பெயரையும் தொகுதி எண்ணையும் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள், காரணமில்லாமல் நிறுவனத்தை மாற்றாதீர்கள். வாரந்தோறும் தோலுக்கடியில் வீட்டிலேயே செலுத்திக்கொள்ளும் வகையும் உண்டு.

கடுமையான ஒருங்கிணைந்த குறைபாட்டுக்கு இது போதாது. எலும்பு மஜ்ஜை மாற்று வேண்டும். 1968-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர் முதன்முதலாக அதைச் செய்து காட்டினார்கள். மூன்றரை மாதத்துக்குள் மாற்று செய்யப்பட்ட குழந்தைகளில் 94 விழுக்காட்டினர் பிழைத்ததாக வட அமெரிக்க மையங்கள் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தொற்று வந்த பிறகு செய்தால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. அமெரிக்காவில் 2018-க்குள் எல்லா மாநிலங்களிலும், பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தில் இந்நோயைத் தேடும் முறை வந்துவிட்டது. இந்தியாவில் அப்படிப் பொதுவான ஏற்பாடு இல்லாததால்தான் மேலே சொன்ன லிம்போசைட் கணக்குக்கு இவ்வளவு இடம் கொடுத்தேன். செலவைப் பொறுத்தவரை, 2021-இன் தேசிய அரிய நோய்கள் கொள்கை மஜ்ஜை மாற்றால் குணமாகும் நோயெதிர்ப்புக் குறைபாடுகளைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. அதற்கென அறிவிக்கப்பட்ட உயர் மையங்களில் பதிவு செய்தால் 50 இலட்ச ரூபாய் வரை உதவி பெற வழியுண்டு. மையத்தின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது.

பிறகு வந்து சேரும் குறைபாடுகள்

நோயெதிர்ப்புக் குறைபாடு என்றதும் எச்.ஐ.வி. ஒன்றையே நினைப்பது பழக்கமாகிவிட்டது. இந்தியாவில் அந்தத் தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனையும், கூட்டு மருந்துச் சிகிச்சை மையங்களில் மருந்தும் இலவசம். 1097 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும். எச்.ஐ.வி. தாக்கும் சி.டி.4 வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திருந்த காலம் போய்விட்டது, தொற்று உறுதியானதுமே மருந்தைத் தொடங்குவதுதான் இப்போதைய நடைமுறை. நோய் விவரத்தை ஒப்புதலின்றி வெளியிடுவதும் அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையோ வேலையோ மறுப்பதும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி.-எய்ட்ஸ் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை.

ஆனால் நம் ஊர்களில் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் வேறு வகையினர். உலக அளவில் நோயெதிர்ப்பை அதிகம் பலவீனப்படுத்துவது ஊட்டக்குறைவே. அடுத்து, கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு. மழைக்காலத்தில் வயலில் வெறுங்காலோடு வேலை செய்யும் நீரிழிவுக்காரருக்கு வாரக்கணக்கில் காய்ச்சலும், கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழும் இருந்தால், மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் நோயாக இருக்கலாம். அதைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் தவறான மருந்து கொடுப்பது நடக்கிறது. 'கல்ச்சர் செய்தீர்களா' என்ற ஒரு கேள்வி அதைத் தவிர்க்கும்.

ஸ்டீராய்டு மூன்றாவது. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பிரெட்னிசலோன் அல்லது அதற்கு ஈடான மருந்தை இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்தாலே எதிர்ப்பாற்றல் குறைந்தவராகக் கருத வேண்டும். மூட்டுவலிக்கும் இரைப்புக்கும் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் தரும் பொடி இரண்டே நாளில் அதிசயமாகக் கேட்கிறது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று ஐயப்படுவதே அறிவுடைமை. நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கும் முன் காசநோய், நீரிழிவு, மஞ்சள் காமாலை-பி ஆகியவற்றைச் சோதிக்கவும், மண்ணிலிருந்து பாதத்தின் வழியே ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழுவுக்கு மருந்து தேவையா என்று கேட்கவும். பல ஆண்டுகள் அமைதியாகக் குடலில் இருந்த அந்தப் புழு, ஸ்டீராய்டு எடுத்த பின் பெருகி நுரையீரல் வரை பரவி உயிரைப் பறிக்கக்கூடியது. அச்சம் வந்துவிட்டது என்று ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. உடல் தானே சுரக்க வேண்டியது நின்றுபோயிருக்கும்.

மண்ணீரலை அகற்ற இருப்பவர்கள், அறுவைக்கு இரண்டு வாரம் முன்பாகவே நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே-பி) ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகளை முடித்துவிடுவது நல்லது. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களை நாய் கடித்தால் வெறிநாய்த் தடுப்பூசியோடு ஆன்டிபயாடிக்கும் தேவை.

வீட்டு நடைமுறை

குடிநீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள்; குளோரின் கலந்த நீரிலும் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர், டி-செல் குறைபாடு உள்ளவருக்கு நிற்காத வயிற்றுப்போக்கைத் தரும். நாட்பட்ட கிரானுலோமா நோயுள்ள குழந்தையை எருக்குழி, வைக்கோற்போர், மக்கிய இலைக்குவியல், வீடு இடிக்கும் தூசி ஆகியவற்றின் அருகே விடக் கூடாது, குளம் குட்டையில் குளிக்கவிடவும் கூடாது. மற்றபடி பள்ளியையும் விளையாட்டையும் மறுக்க வேண்டியதில்லை. எதிர்ப்பாற்றலைக் கூட்டுவதாக விற்கும் பொடிகளும் கஷாயங்களும் மரபணுப் பழுதைச் சரிசெய்வதில்லை.

காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால், பாரசிட்டமால் கொடுப்பதற்கு முன் அளவையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கீமோதெரபியில் உள்ளவர்களுக்கும் மண்ணீரல் இல்லாதவர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கப்பட வேண்டும். அவசரப் பிரிவில் உள்ள பயிற்சி மருத்துவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். உங்கள் மருத்துவர் கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதத்தைக் கைப்பேசியிலும் பணப்பையிலும் வைத்திருந்தால் விவாதிக்கும் நேரம் மிச்சமாகும்.

தடுப்பூசியும் அடுத்த குழந்தையும்

நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ளவருக்கு எல்லாத் தடுப்பூசியும் ஆகாது என்பது தவறு. செயலிழந்த கிருமியால் செய்த ஊசிகளைப் போடலாம், பலருக்குப் போட்டே ஆக வேண்டும். உயிருள்ள கிருமியைக் கொண்ட பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ரோட்டா, தட்டம்மை-ரூபெல்லா ஆகியவற்றைத்தான் நோயின் வகையறிந்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தை வீட்டில் இருக்கும்போது அதன் அண்ணன் தம்பிக்கும் போலியோவைச் சொட்டாகக் கொடுக்காமல் ஊசியாகப் போடுவது பாதுகாப்பானது, சொட்டு மருந்தின் கிருமி மலத்தில் வெளியேறிப் பரவக்கூடும். வீட்டிலுள்ள மற்றவர்கள் ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா ஊசி போட்டுக்கொள்ளட்டும்.

முதல் குழந்தையின் மரபணுப் பழுது தெரிந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியின் சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்க முடியும்; அதனால்தான் முதல் குழந்தையைக் காப்பாற்ற இயலாத நிலையிலும் அதன் இரத்தத்தில் சிறிது டி.என்.ஏ.வைப் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். சோதனை செய்யவில்லை என்றாலோ, மரபணு தெரியவில்லை என்றாலோ, பிரசவத்துக்கு முன்பே பிரசவ மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி.யும் போலியோ சொட்டும் கொடுப்பது இந்திய மருத்துவமனைகளில் யாரையும் கேட்காமலே நடந்துவிடும் வழக்கம். இரவுப் பணியில் உள்ள செவிலியர் உங்கள் குடும்ப வரலாற்றை அறிந்திருக்க மாட்டார். 'இரத்தச் சோதனை முடிவு வரும்வரை உயிருள்ள தடுப்பூசி எதுவும் வேண்டாம்' என்ற வரி பிரசவக் கோப்பின் முதல் பக்கத்திலும் குழந்தையின் தொட்டிலிலும் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை, தாயுடன் மருத்துவமனையில் தங்குபவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.